இடுப்பளவு

கரண்ட் போன அன்றுதான் தெரிந்தது
எங்கள் கார் ஷெட்டின் ஷட்டர்
எத்தனை கனமென்று.

மாங்கூழ் ஆலையில் சீசன். எனக்கு அதிகாலை ஷிப்ட்.
நாலரை மணிக்கு சையத் பாஷா மலைக்குப் பின்னால்
மின்னல் மட்டும் வேலை பார்த்துக்கொண்டிருந்தது.
பச்சைப் பொத்தானை அழுத்தினேன். ஊகூம்.
மோட்டாரை விடுவிக்கும் சங்கிலியை இழுத்துவிட்டு
கைப்பிடியில் இரண்டு கையும் கொடுத்துத் தூக்கினேன்.
முழங்கால் வரை வந்தது.
அதற்கு மேல் மாட்டேன் என்றது.
விட்டேன்.
காந்தி நகர் மூன்றாவது தெரு
மொத்தமாக விழித்துக்கொண்டது.

எதிர்வீட்டு மாதப்பன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்,
அவர் மகன் வந்தான்.
மூன்று பேர், ஒரு கடப்பாரை, முட்டுக்கொடுக்க ஹாலோபிளாக் கல்.
ஆல்டோ அடியில் நுழைந்து வெளியேறிய அந்த நிமிடம்
யாரும் மூச்சுவிடவில்லை.

நான் எடைமேடைக்காரி.
லாரியை நிறைவாக ஒருமுறை, காலியாக ஒருமுறை,
கழித்தால் பழம்.
பெங்களூரா லோடில் பத்து கிலோ தண்ணீர் தெளித்திருந்தாலும்
டிரைவர் முகத்திலேயே படித்துவிடுவேன்.
நூற்றிருபது கிலோ இரும்பு
என் தலைக்கு மேல் தினம் நான்கு தடவை போய்வந்திருக்கிறது
ரசீதே இல்லாமல்.

"மோட்டார் தூக்குதுன்னு நெனச்சீங்களாக்கா?"
சாயங்காலம் எக்ஸெல்லில் ஏணியோடு வந்த இம்தியாஸ் கேட்டான்.
"தூக்குறது ஸ்பிரிங்கு. மோட்டாரு சும்மா கூட வரும்."

உருளைக்குள் நாலு ஸ்பிரிங்.
ஒன்று எப்போதோ அறுந்து உள்ளேயே கிடந்தது.
பொங்கலில் இருந்தே மோட்டார் முனகிக்கொண்டுதான் இருந்தது.
நாங்கள் டிவி சத்தத்தைக் கூட்டிவைத்தோம்.

காடியில் விரலை விட்டு வழித்து எடுத்தான்:
கிரானைட் லாரிகள் தெருவில் விட்டுப்போன கல்தூள்,
சத்தம் அடங்கட்டுமென்று நான் ஊற்றிய தேங்காயெண்ணெய்.
இரண்டும் சேர்ந்து
செங்கல் வைத்துப் பூசலாம்.
"துணியால தொடைங்க, போதும்" என்றான்,
சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டு.

மெயினை அணைத்தான். என்னை, மகளை, பூனையை
கேட்டுக்கு வெளியே அனுப்பினான்.
"வேற எதுல வேணா கை வைங்க. இதுல வேணாம்.
வீடியோ பாத்துட்டு நட்டு கழட்டின ஒருத்தர்
ஓசூர்ல தாடையில பிளேட்டோட இருக்காரு."

வெளியே நின்றபோதுதான் அது ஞாபகம் வந்தது.

ஷட்டர் இறங்க ஆரம்பித்ததும்
கனிஷ்கா வாசலில் இருந்து ஓடிவருவாள்.
கடைசி நொடியில் குனிந்து, வழுக்கி, உள்ளே.
பின்னல் நுனி மட்டும் தப்பித்துக்கொண்டு பின்னால் வரும்.
எட்டு வயது. போன வருடம் முழுக்க அதுதான் விளையாட்டு.
நாங்கள் கைதட்டியிருக்கிறோம்.

உள்ளே இம்தியாஸ் புது ஸ்பிரிங்கை முறுக்கிக்கொண்டிருந்தான்.
ஒன்பது சுற்று. அரை கொடுத்தான்.
தூக்கிப் பார்த்தான், கால் சுற்றைத் திரும்ப வாங்கினான்.
அந்த முகம் எனக்குத் தெரியும்.
முள் நடுவில் வந்து நிற்கும்வரை
கண் சிமிட்டாத முகம்.

"இப்ப நீங்க தூக்குங்க."
ஒரு கையால் தூக்கினேன்.
"இடுப்பளவு. அப்பிடியே வுட்டுட்டு தள்ளி வாங்க."

விழவில்லை.
மேலே ஓடவுமில்லை.
கை எடுத்த இடத்தில் நின்றது.

மாதத்தின் முதல் ஞாயிறு இப்போது இதற்குத்தான்.
சங்கிலியை இழுத்து, மோட்டாரைப் பிரித்து,
இடுப்பளவுக்குத் தூக்கி விட்டுவிட்டு
நாலடி தள்ளி ஸ்டூல் போட்டு உட்காருகிறேன்.
ஒரு விரற்கடை இறங்கினாலும் போன் போட்டுவிடுவேன்.
டீ ஆறும்வரை பார்க்கிறேன்.

பாதித் தெரு தெரிகிறது, கீழ்ப்பாதி.
பால் வண்டியின் சக்கரம்.
மாதப்பனின் ரப்பர் செருப்பு, இடதுகால் தேய்ந்தது.
நாயின் நாலு கால்.
அப்புறம் இரண்டு சின்னக் கால், ஓடிவந்து
கோட்டுக்கு வெளியே சடக்கென்று நின்று,
ஒன்றின் மேல் ஒன்றைத் தேய்த்தபடி:

"ம்மா, வரலாமா?"